ஆட்சேபம் இல்லாத கூட்டம்

எங்கள் வெல்ஷ் மலையூரில், கின்ரிக் பிரபுவின் மாளிகையில் இன்று ஜன்னலைத் திறந்தால் ஊசியிலை மரங்கள்தான் தெரியும். தூரத்து ஏரியும் இல்லை, மான் மேய்ந்த புல்வெளியும் இல்லை. அதற்கு முன்னால் அவர் வீட்டுக்கே போய் அவரைத் திட்டியவள் நான்தான். ஆனால் வேறு யாராவது அவரைக் கெட்டவர் என்று சொன்னால் சும்மா விடமாட்டேன்.

மூன்றாவது பிள்ளை. மாளிகை தனக்கு வராது என்று தெரிந்து லண்டனில் சட்டம் படித்து வக்கீலானார். அண்ணன்கள் இருவரும் யுத்தத்தில் போய்விட, பட்டமும் மலையும் இவர் தலையில் விழுந்தன. கோர்ட்டுக்கும் போய்க்கொண்டு, கம்பளி ஆலை, பலகைக்கல் சுரங்கம் என்று நாலைந்து கம்பெனிகளையும் பார்த்துக்கொண்டார். எங்கள் ஆட்கள் வம்பில் மாட்டினால் கட்டணம் வாங்காமல் வாதாடுவார். ஆங்கிலேய ஆயா வளர்த்த பிள்ளை என்பதால் எங்கள் வெல்ஷ் பேச்சு மட்டும் அவருக்குக் காலை வணக்கத்தோடு நின்றுவிடும்.

ஊரில் வேலை இல்லாமல் பிள்ளைகள் கிளம்பிப் போகிறார்களே என்ற கவலையில்தான் அந்த யோசனை அவருக்கு வந்தது. மோயில் வென் மலையை ஒரு மரக் கம்பெனிக்கு விற்றுவிடலாம், அவர்கள் மரம் நடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த மலையில் வேலியே கிடையாது. எந்தச் சரிவு தன்னுடையது என்று தாயாடு குட்டிக்குக் காட்டிக் காட்டி, மந்தை தலைமுறை தலைமுறையாக அங்கேயே நிற்கிறது. பண்ணை கைமாறினாலும் ஆடுகள் மலையோடுதான் இருக்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் அந்த மந்தை அதோடு போச்சு, எங்கள் பிழைப்பும் போச்சு.

சாப்பல் என்கிற எங்கள் சிறு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் கூட்டம் போட்டார். பெண்கள் நாங்கள் பின்கட்டில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தோம். அவர் ஆங்கிலத்தில் விளக்கமாகப் பேசிவிட்டு, யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். ஆண்கள் அத்தனை பேரும் தலையைக் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்தார்கள். விருந்தாளியின் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்களுக்கு வராது. பிறகு ஒருவர் துக்க வீட்டுப் பாட்டு ஒன்றை எடுத்துவிட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். எங்களவராக இருந்தால் அதன் அர்த்தம் புரிந்து அப்போதே ஓடியிருப்பார். பிரபுவோ அதைத் தனக்குச் செய்த மரியாதை என்று நினைத்து, கண் கலங்கி, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் எல்வினிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, அதிலேயே அவருக்குப் புரிந்திருக்கும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பத்திரம் முடிந்தது. இலையுதிர் காலத்துக்குள் ஆடுகளை இறக்கச் சொல்லி ஆள் வந்தது. நான் குளிர்கோட்டு மாட்டிக்கொண்டு மாளிகையின் முன்வாசல் வழியாகவே நுழைந்தேன்.

"கூட்டத்துல யாருமே வேண்டாம்னு சொல்லலையே, ப்ராபர்ட் அம்மா" என்றார் பிரபு, என் கணவர் வீட்டுக் குடும்பப் பெயரைச் சொல்லி.

"எல்லாருமே அந்தப் பாட்டுலயே அதைத்தான் சொன்னாங்க ஐயா. வாயைத் திறந்து சண்டை போடுற அளவுக்கு உங்களை இன்னும் நம்ம ஆளா நினைக்கல, அவ்வளவுதான்."

மனிதர் முகம் விழுந்துபோய், பத்திரத்தை எடுத்துப் புரட்ட ஆரம்பித்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது.

அதன்பின் அவர் சும்மா இருக்கவில்லை. பத்திரத்தை உடைக்கப் பார்த்தார். அவரே எழுதியது, அவ்வளவு நேர்த்தியாக எழுதியிருந்ததால் ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. வக்கீல் தோற்ற இடத்தில் வியாபாரி எழுந்தார். கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டு, மலையைத் திருப்பிக் கொடுங்கள், மாளிகைக்கு முன்னால் இருக்கும் என் புல்வெளி முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சாலையோரச் சமநிலம், கசக்குமா? உடனே ஒப்புக்கொண்டார்கள். மரமும் வந்தது, வேலையும் வந்தது, ஆடுகள் மலையிலேயே நின்றன.

மறுபடியும் அதே கூடத்தில் கூட்டம். விஷயத்தைச் சொல்லிவிட்டு, பாதிரியாரிடம் பாடம் பண்ணிக்கொண்டு வந்த வெல்ஷில் திக்கித் திக்கிக் கேட்டார், யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று.

எழுந்தது யார் தெரியுமா? என் எல்வின்!

"மலை கிடைச்சது சரி. எங்க வயலுக்கும் உங்க நிலத்துக்கும் நடுவுல இருக்கிற கல்சுவர் உங்க பக்கம் இடிஞ்சு கிடக்கே, அதை எப்பக் கட்டப் போறீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஒருவர் வாய்க்காலைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் பாலத்தை. இன்னொருவர் பிரபுவின் உச்சரிப்பையே பிடித்துக்கொண்டு உலுக்கினார். எல்லாம் வெல்ஷில்தான். பாதி புரியாமலேயே அவர் பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். நாங்கள் போட்ட தேநீர் ஆறிப்போனது.

வெளியே வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "இன்னிக்கு யாரும் பாடலையே, ப்ராபர்ட் அம்மா?"

"இல்லை ஐயா. இன்னிக்கு நீங்க விருந்தாளி இல்லையே."

அடுத்த வாரம் சுவர் கட்ட ஆள் அனுப்பினார். கூடவே தானும் வந்து கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.