தட்டுக்கு இரண்டு நாள் வயது

ஆய்வகப் பதிவேட்டில் 'வளர்ந்த நேரம்' என்ற கட்டத்தில் அவள் கையெழுத்தில் இருபத்துநாலு மணி என்று இருந்தது. அது பொய். சனிக்கிழமை பாக்டீரியாவைத் தேய்த்து வளர வைத்த தட்டை ஞாயிற்றுக்கிழமை சுரண்டி எடுத்திருக்க வேண்டும். அப்பாவுக்குக் காய்ச்சல் என்று வராமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமைதான் எடுத்தாள். கை வழக்கம்போல இருபத்துநாலு என்று போட்டுவிட்டது. வழக்கமா, வேறேதாவதா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

ஆய்வகத்தில் சேர்ந்து ஐந்து மாதம். எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்பதால் 'மல்லுக்கட்டி' என்று பெயர். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். என்ன வேலை என்று விளக்குவதற்குள் நாக்குத் தள்ளிவிடும். பாக்டீரியாவைக் கொதிக்கவைத்து, அதன் கொழுப்பு அமிலங்களைப் பிரித்து, எது எவ்வளவு என்று பார்த்து இன்ன இனம் என்று சொல்வோம் என்றாள் ஒருநாள்.

"கிருமிக்கெல்லாம் கொழுப்பா? உன்கூடப் பழகின தோஷமா இருக்கும்," என்றாள் அம்மா.

இந்த முறை ஒரு நாற்றுப் பண்ணையின் தக்காளி நாற்று, விற்பனைக்கு முந்தைய பரிசோதனைக்காக வந்திருந்தது. அதில் இருக்கக்கூடியவை நெருங்கிய சொந்தமான இரண்டு பாக்டீரியா இனங்கள். ஆய்வகத்தில் அண்ணன், தம்பி என்பார்கள். தம்பி சாது. அண்ணன் தோட்டத்தையே காலி பண்ணுகிறவன். நுண்ணோக்கியில் இருவரும் ஒரே அச்சு. வளைய வடிவக் கொழுப்பு ஒன்று மட்டும் அண்ணனிடம் அதிகம்.

கொழுப்பை அளந்து இனம் சொல்லும் எந்திரம் அண்ணன் என்றது. ஆறாயிரம் நாற்றையும் மறுநாள் எரித்துப் புதைக்கச் சொல்லியாகிவிட்டது.

அவள் பதிவேட்டோடு ஆய்வகப் பொறுப்பாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தத் தட்டு இருபத்துநாலு மணி இல்ல, நாப்பத்தெட்டு. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"எந்திரம் தெளிவா சொல்லிடுச்சேம்மா. இப்ப போய் ஏன் கிளறுற?"

"எந்திரத்துக்குத் தெரிஞ்சதெல்லாம் இருபத்துநாலு மணி நேரத்து முகம் சார். நாளாக ஆக அந்த வளையக் கொழுப்பு ஏறும். தம்பிக்கு வயசானா அண்ணன் மாதிரிதான் இருப்பான்."

"நிஜமாவே அண்ணனா இருந்தா?"

பேருந்தில் வரும்போது வழியெல்லாம் அவளைக் குடைந்த கேள்வி அதுதான்.

"அப்போ முதல் தீக்குச்சியை நானே கிழிக்கிறேன். ஆனா இந்தக் காகிதத்தை வெச்சு எரிக்க விடமாட்டேன்."

"விடமாட்டியா? பொய்க்கணக்கு எழுதினதுக்கு உன்ன வீட்டுக்கே அனுப்பலாம், தெரியும்ல?"

"தெரியும் சார். நாளன்னிக்கு அனுப்புங்க. நாளைக்கு வரைக்கும் எனக்கு இன்குபேட்டர் வேணும்."

அவர் எதிரிலேயே பண்ணைக்காரம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ரெண்டு நாள் பொறுங்க. மறுபடி பாக்கணும். தப்பு என்னோடது."

"குழி வெட்டியாச்சேம்மா."

"குழி எங்கயும் போயிடாதுக்கா, இருக்கட்டும்."

பொறுப்பாளர் தடுக்கவில்லை. அவள் பதிவேட்டில் இருபத்துநாலை அடித்து நாற்பத்தெட்டு என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நாற்றில் கிடைத்ததைப் புதுத் தட்டில் தேய்த்தாள். ஆய்வகத்தில் சேமித்திருந்த அசல் அண்ணனையும் அசல் தம்பியையும் இன்குபேட்டர் சூட்டில் பக்கத்திலேயே வளர்த்தாள். மறுநாள் அதே மணிக்கு, அதே நிமிடத்துக்கு, மூன்றையும் சுரண்டினாள்.

மதியம் எந்திரத்திலிருந்து வரைபடம் வந்தது. முதல் படத்தில் மலையாக நின்ற வளையக் கொழுப்பு பருவாகச் சிறுத்திருந்தது. அசல் தம்பியின் படத்தை மேலே வைத்தால் கோட்டுக்குக் கோடு பொருந்தியது.

பொறுப்பாளர் புது அறிக்கையில் கையெழுத்துப் போட்டார். பிறகு ஒரு விளக்கக் கடிதப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பதிவேட்டைத் திருத்தினதுக்கு மேலிடம் கேக்கும். அப்பாவுக்குக் காய்ச்சல்னு எழுது. நான் பாத்துக்கறேன்."

"காய்ச்சல் ஞாயித்துக்கிழமை சார். பொய் திங்கக்கிழமை."

"உனக்கு இந்த வேலை வேணுமா வேணாமா?"

"வேணும் சார்."

காரணம் என்ற இடத்தில் 'பயம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கீழே நேரத்தையும் போட்டாள், நிமிடம் உட்பட.