திருப்பி விட்ட பேரிங் கடுதாசி

ஸ்டாம்பு ஒட்டாமல் போடுகிற கடுதாசிக்குப் பேரிங் கடுதாசி என்று பேர். வாங்குகிறவர் இரட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் அது வந்த வழியே போய்விடும். அனுப்பினவரிடம் கேட்பார்கள். அவரும் வேண்டாம் என்பார். அப்புறம் அது எங்கே போகுமோ, எங்களுக்குக் கவலை இல்லை.

என் வீட்டுக்காரர் ரங்கூனுக்குப் போன நாளில் இருந்து எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது. அவர் துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கினார். நான் திண்டிவனத்துக்கு வெளியே எங்கள் சேரியில் இருந்துகொண்டு கூலிக்குப் போனேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவருக்கு அதுவும் இல்லை. கையெழுத்துக் கேட்டால் சிலுவை போடுவார்.

கூலிக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியின் ஆட்களோடு ரயில் ஏறப் போன அன்றைக்கு ஸ்டேஷனில் வைத்து எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

"கவர் மூலையில ஒரு சிலுவைன்னா சுகம். ரெண்டு சிலுவைன்னா காய்ச்சல். வட்டம் போட்டிருந்தா ஊருக்குக் கப்பலேறப் போறேன்னு அர்த்தம். இதுல எது இருந்தாலும் வாங்காத. ஒண்ணுமே இல்லன்னாதான் காசு குடுத்து வாங்கணும். தெரிஞ்சுதா?"

"உள்ள இன்னா இருக்கும்?"

"உள்ள இன்னாத்துக்கு இருக்கணும்? வெறுந்தாளு. மேல விலாசம் மட்டும் மேஸ்திரி எழுதித் தருவாரு."

"நான் சுகமா இருக்கேன்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ திருப்பி உட்டா திரும்பி வருமில்ல. வந்துச்சுன்னா நீ இருக்கேன்னு தெரிஞ்சுக்குவேன்."

"அப்பிடின்னா சிலுவையப் பெரிசா போடுய்யா" என்றேன்.

பெரிதாகத்தான் போட வேண்டும். தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். ரோட்டோரம் புளிய மரத்தடியில் நின்று கூப்பிடுவார். நான் ஓடிப்போய் எட்ட நிற்பேன். அவர் கவரைத் தூக்கிக் காட்டுவார். சிலுவை தெரியும். "வாணாம் சாமி" என்பேன். பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அவருக்கு விஷயம் தெரியாமல் இல்லை.

"ஏம்மா, ரெண்டு பேருமா சேர்ந்து சர்க்கார் கப்பல ஓசியிலே ஓட்டறீங்களா?"

"ஸ்டாம்பு ஒட்ட மறந்துடுறாரு சாமி."

"அஞ்சு வருஷமா மறந்துக்கினே இருக்கானா?"

சிரித்துக்கொண்டே போவார். நானும் சிரிப்பேன். அஞ்சு வருஷத்தில் காசு கொடுத்து ஒரு கடுதாசியும் வாங்கினதில்லை. அந்தக் காசெல்லாம் கேப்பையாகவும் உப்பாகவும் வீட்டுக்குள் வந்தது.

அப்புறம் ரங்கூனில் குண்டு விழுந்தது.

மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த கவர் நின்றது. தை போனது, மாசி போனது. பங்குனியும் பாதி போனது. கப்பல் இல்லை, எல்லாரும் காட்டு வழியாக நடந்து வருகிறார்கள் என்று சந்தையில் சொன்னார்கள். அனந்தபுரம் பக்கத்து ஆள் ஒருவர் அப்படி வந்து சேர்ந்திருந்தார். போய்க் கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்ததில்லை. "வழியில உட்கார்ந்தவன் எவனும் எழுந்திருக்கலம்மா" என்றார். திரும்பி நடந்தேன்.

வேலைக்குப் போனேன், வந்தேன். கூழைக் கரைத்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பேன். தபால்காரர் போகிற நேரத்துக்குப் புளிய மரத்தடியில் நிற்பேன். கவர் வரவில்லையே என்று ஒரு பயம். ஒரு குறியும் இல்லாத கவர் வந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். அப்படி வந்தால் அதில் என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் என்னைப் பார்த்ததுமே தூரத்தில் இருந்து கவரைத் தூக்கிக் காட்டினார். மூலையில் சிலுவை. பெரிய சிலுவை. ஒரே சிலுவை.

மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா, வாணாமா?"

"வாணாம் சாமி. வாணாம், வாணாம்" என்றேன். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னேன்.

அவரும் சந்தோஷமாகத்தான் பையில் போட்டுக்கொண்டு போனார். நான் கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தெரு முழுக்கச் சொன்னேன். அன்றைக்கு வயிறாரக் கூழ் குடித்துவிட்டுத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் தபால்காரர் வேறு யாருக்கோ மணியார்டர் கொண்டு வந்தார். போகிற போக்கில் கேட்டார்.

"உன் ஆளு கல்கத்தாவுக்கு எப்ப வந்தான்?"

"கல்கத்தாவா? ரங்கூன் சாமி."

"கவர் மேல கல்கத்தா முத்திரைதான் இருந்துச்சு. பின்னாடி ஏதோ கேம்ப்புன்னு விலாசம் கூட எழுதியிருந்தானே."

கடப்பாரையால் தலையில் அடித்தது போல இருந்தது. காட்டைத் தாண்டி வந்துவிட்டார். வந்து ஒரு கேம்பில் கிடக்கிறார். கையில் ஸ்டாம்புக்குக் காசில்லை. உள்ளே இருந்தது வெறுந்தாள் இல்லை. அதைத்தான் நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

திண்டிவனம் போஸ்டாபீசுக்கு ஓடினேன். வாசலுக்கு வெளியே நின்று கத்தினேன். போஸ்ட்மாஸ்டர் எழுந்து வந்தார்.

"அந்தக் கடுதாசியக் குடுங்க சாமி. இரட்டைக் காசு இல்ல, நாலு பங்கு தர்றேன்."

"நீதானே வேண்டாம்னே? ரெஃப்யூஸ்ட்னு எழுதி அன்னிக்கே மெட்ராஸ் மெயில்ல அனுப்பியாச்சு."

"அப்பிடின்னா இன்னா சாமி?"

"வாங்க மறுத்துட்டான்னு அர்த்தம். அனுப்பினவனுக்கே திரும்பிப் போயிடும்."

"அந்தக் கேம்ப்பு பேராவது சொல்லுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை கடுதாசி வர்றது? எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிண்டா உட்கார்ந்திருக்கேன்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வரவில்லை.

ஒரு கார்டு வாங்கினேன். அஞ்சு வருஷத்தில் நான் வாங்கின முதல் கார்டு. அவர் பெயரை எழுதி, கீழே 'ரங்கூனில் இருந்து நடந்து வந்தவர், கேம்ப், கல்கத்தா' என்று எழுதிப் போட்டேன். பதில் இல்லை. இன்னொன்று போட்டேன். அதற்கும் இல்லை.

வேலை இல்லாத நாளில் ஸ்டேஷனுக்குப் போவேன். மெட்ராஸ் பக்கம் இருந்து வருகிற வண்டிகளில் பர்மாவில் இருந்து வந்தவர்கள் இருப்பார்கள். பார்த்தாலே தெரியும். எல்லாருக்கும் ஒரே முகம்தான். ஒவ்வொரு ஜன்னலாக அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே போவேன். வண்டி கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்து படுத்தால் ஒரே நினைப்பு. அந்தக் கவர் திரும்பிப் போய் அவர் கையில் சேரும். அதைப் பார்த்து அவர் என்ன நினைப்பார்? சேராமலே போய்விட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த நாள், சேர்ந்தாலாவது அவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம், சேரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சித்திரை முடிகிற சமயம். பக்கத்துப் பெருமுக்கல் ஊர்க்காரர் ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். வீடு விசாரித்துக்கொண்டு நேரே என் முன்னால் வந்து நின்றார்.

"நீதானா அந்தப் பொம்பள?"

"எந்தப் பொம்பள?"

"புருஷன் கடுதாசிய வாணாம்னு திருப்பி உட்டவ. மூஞ்சி எப்பிடி இருக்குதுன்னு பார்த்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். "இருக்காராண்ணா?" என்றேன்.

குறி வைத்துக் கவர் போட்ட கதையை அவருக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு அவரும் தரையில் உட்கார்ந்தார். ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் சொன்னார்.

"காட்டுல நடந்ததுல ரெண்டு பாதமும் புண்ணாயிடுச்சு. ஆஸ்பத்திரில விரலெல்லாம் எடுத்துட்டாங்க. இனிமே மூட்டை தூக்க முடியாது. கேம்ப்பு கிளார்க்க வெச்சுக் கடுதாசி எழுதினான். இப்பிடி ஆயிட்டேன், உனக்குப் பாரமாத்தான் வருவேன், வரட்டுமா வாணாமான்னு எழுதுன்னு. பதினஞ்சு நாள் கழிச்சு வாணாம்னு திரும்பி வந்துச்சு. கிளார்க்கே காசு குடுத்து வாங்கிப் படிச்சுச் சொன்னாரு. அத நாலா மடிச்சு இடுப்புல சொருகிக்கினான்."

"இப்ப எங்க?"

"ரெண்டு பேரும் ஒரே வண்டியிலதான் வந்தோம். திண்டிவனம் வந்துச்சு. எறங்குடான்னேன். அந்தாண்டப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு உட்கார்ந்துட்டான். எங்கடா போறேன்னேன். டிக்கெட் விழுப்புரம் வரைக்கும் இருக்குதுன்னான். நான் எறங்கிட்டேன்."

எந்த நாள் என்று கேட்டேன். சொன்னார். அன்றைக்கு நான் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கப் போயிருந்தேன்.

மறுநாள் காலை வண்டியில் விழுப்புரம் போனேன். அந்த ஊரில் எனக்கு யாரையும் தெரியாது. ஸ்டேஷனில் கேட்டேன், சத்திரத்தில் கேட்டேன், மாதா கோயிலில் கேட்டேன். "காலு இல்லாத ஆளுங்களா?" என்று கேட்டார்கள். "காலு இருக்குது, விரலுதான் இல்ல" என்றேன். கடைசியில் மல்லாட்டை மண்டியில் ஒருத்தி கையைக் காட்டினாள்.

கொட்டகை ஓரத்தில் உட்கார்ந்து கிழிந்த சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். காலில் துணி சுற்றியிருந்தது. என்னைப் பார்த்தார். ஊசியை நிறுத்தவில்லை.

"இன்னாத்துக்கு வந்த?"

"சிலுவை போட்டிருந்தியேய்யா."

"போட்டேன்."

"சிலுவைன்னா சுகம், வாங்காதன்னு நீதான சொன்ன?"

ஊசி நின்றது.

"சுகம்னா போட்டேன்? உயிரோட இருக்கேன்னு போட்டேன். மூணு மாசமா ஒண்ணும் வரல. குறியில்லாம கவர் வந்தா, நான் செத்துட்டேன்னு உனக்கு அங்கியே உயிர் பூடும். அதான் பெரிசா போட்டேன்."

"நான் அதத்தான பார்த்தேன்."

"கல்கத்தா முத்திரையப் பார்க்கலியா? வேற ஒருத்தன் எழுத்தப் பார்க்கலியா? கையில வாங்கிப் பார்த்தா தெரியாதா?"

"எனக்கு எவன் கையில குடுத்தான்? எட்ட நின்னு தூக்கிக் காட்டினாரு."

அவர் என்னையே பார்த்தார். ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"ரங்கூன்ல கையிலதான் குடுப்பான்" என்றார். "நம்ம ஊரு மறந்து பூட்டுது."

மண்டியில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டி மாடு கத்தியது.

இடுப்பில் இருந்து அந்தக் கவரை எடுத்தார். அழுக்கேறி நாலாக மடிந்திருந்தது. கையில் வாங்கினேன். மேலே சிவப்பு மசியில் இங்கிலீஷில் எழுதியிருந்தது. உள்ளே இருந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாய்விட்டுத்தான் எனக்குப் படிக்க வரும். நாலே வரி. முடிக்க ரொம்ப நேரமானது. அவர் தலையைக் குனிந்து, யாரோ எழுதினதைக் கேட்பது போலக் கேட்டார். 'வரட்டுமா வேண்டாமா, பதில் எழுதவும்' என்று முடிந்திருந்தது.

மண்டிக் கணக்கரிடம் பென்சில் கேட்டேன். முறைத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போட்டார். அந்த வரிக்குக் கீழே எழுதி, தாளை அவரிடம் நீட்டினேன்.

"எனக்குக் காட்டினா? நீயே படி" என்றார்.

"வா."

"அவ்ளோதானா?"

"ஒரு எழுத்துதான்யா" என்றேன்.

எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன். முன்பு பார்த்த ஆளில் பாதி கனம்கூட இல்லை.