துத்தநாகத் தகடும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

சென்னைப் புறநகரில் ஜி.எஸ்.டி. ரோடு ஓரமெல்லாம் புது ஃபிளாட்டுகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். ஊரப்பாக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். உலோகத்தின் மேல் தகுந்த ஒளி பட்டால் அதன் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறும் என்று வருஷா வருஷம் நோட்ஸ் கொடுப்பேன். அந்த வருஷம் முன் பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்கப்பா பட்டறையில நாள் பூரா வெல்டிங் வெளிச்சம் இரும்பு மேல படுது மிஸ். அங்கயும் வெளியேறுமா? நீங்க பாத்திருக்கீங்களா?"

"பேசாம எழுது" என்று எரிந்து விழுந்தேன். நான் பார்த்ததில்லை. காலேஜில்கூட சீனியர்களின் ரெக்கார்ட் நோட்டைப் பார்த்து எழுதித் தேறியவள்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

மறுநாள் தாளாளரிடம் ஒரு புற ஊதா விளக்கு கேட்டேன். "பரீட்சையில விளக்கா கேக்கறாங்க? போர்ஷனை முடிங்க மேடம்" என்றார். அத்தோடு விட்டிருந்தால் நல்ல பேர் எடுத்திருப்பேன். எனக்கு வீம்பு வந்துவிட்டது.

பழைய டார்ச் செல்லை உடைத்து, அதன் துத்தநாக உறையை உரித்துத் தட்டையாக்கினேன். ஊறுகாய் பாட்டிலின் வாயில் தெர்மாகோல் அடைத்து, ஒரு செம்புக் கம்பியைச் செருகினேன். கம்பியின் மேல்முனையில் தகடு. பாட்டிலுக்குள் அதன் கீழ்முனையில் சாக்லெட் ஜிகினாத் தாளில் இரண்டு இதழ்கள். கம்பளியில் தேய்த்த பிவிசி பைப்பால் தகட்டைத் தொட்டால் எலக்ட்ரான்கள் ஏறி, இதழ்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விரியும். ஏறியவை வெளியே போனால் இதழ்கள் விழும். அவ்வளவுதான் கருவி.

வெல்டிங் வெளிச்சத்தில் புற ஊதா தாராளமாக உண்டு. ஞாயிற்றுக்கிழமை கருவியைத் தூக்கிக்கொண்டு திருமுடிவாக்கத்தில் அந்த மாணவியின் அப்பா பட்டறைக்குப் போனேன். கண்ணுக்குப் பாதுகாப்பாக அவர் ஒரு தகரத்தை நிறுத்தினார். நானும் மாணவியும் பாட்டிலும் அதன் மறைவில். தகடு மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. பைப்பால் தொட்டு இதழ்களை விரித்தேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று வெல்டிங் வைத்தார். இதழ்கள் விரிந்தது விரிந்தபடியே நின்றன.

"இன்னா டீச்சர், தகடு மேல வெள்ளையா பூத்துகினு கீது? அழுக்கு மேல வெல்டிங்கே புடிக்காது. உப்புத்தாள் போட்டு தேய்ங்க" என்றார் அவர்.

தேய்த்தேன். பைப்பால் மறுபடி எலக்ட்ரான் ஏற்றினேன். வெளிச்சம் வந்ததும் இதழ்கள் தொப்பென்று விழுந்தன. வெறும் பிரகாசம் அதிகம் என்பதால் விழுந்தனவோ என்று எனக்குச் சந்தேகம். இதழ்களை இன்னொரு தரம் விரித்தேன். மாணவி அப்பாவின் கையுறையை மாட்டிக்கொண்டு நடுவில் ஒரு ஜன்னல் கண்ணாடியைப் பிடித்தாள். கண்ணாடியைத் தாண்டி வெளிச்சம் பளீரென்று வந்தது, இதழ்களோ அசையவில்லை. புற ஊதாவைக் கண்ணாடி நிறுத்திவிட்டது. மிச்ச வெளிச்சம் எத்தனை இருந்தும் எலக்ட்ரானை வெளியேற்ற வக்கில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

திங்கட்கிழமை தாளாளர் கூப்பிட்டார். "ஸ்டூடண்டை வெல்டிங் பட்டறையில கொண்டுபோய் நிறுத்தினீங்களாமே? மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுங்க. இல்லேன்னா வேலை கிடையாது."

அவள் நின்றது அவள் அப்பாவின் பட்டறையில்! ஆனால் என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. பயமாகத்தான் இருந்தது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து எழுதினேன்.

"அன்புள்ள மாணவ மாணவிகளுக்கு, ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காததைப் பார்த்தவள் மாதிரி சொல்லிக்கொடுத்தேன். கேள்வி கேட்டவளை அடக்கினேன். என்னை மன்னியுங்கள்."

தாளாளர் அதை இரண்டு தரம் படித்தார். "நாளையிலேர்ந்து வரவேண்டாம். இந்தக் கடிதம் இந்த ரூமைத் தாண்டக் கூடாது."

"தாண்டிடுச்சு சார். பிளஸ் டூ நோட்டீஸ் போர்டுல ஒண்ணு ஒட்டிட்டுத்தான் இங்க வந்தேன்" என்றேன்.