செல்வத்தின் பலகையில் கூடுதல் மெமரி

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு எதற்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரித்துக்கொண்டே கேளுங்கள்.

தூத்துக்குடியில் சங்கு எடுக்கப் போகிற வள்ளங்களுக்கு நான் ஒரு சின்னப் பெட்டி செய்து தருகிறேன். ஆள் குதித்த இடத்தை அது குறித்துக்கொள்ளும், வள்ளம் நகர்ந்தாலும் திரும்ப அங்கேயே வரலாம். முதலில் கேட்டவர் வள்ளக்காரர் அந்தோணி அண்ணாச்சி. அவர் தம்பி செல்வம் சங்குக்குக் குதித்தவர், மேலே வரவே இல்லை. குதித்த இடமும் பிடிபடவில்லை. பெட்டி இல்லாமல் இனி ஒருவரையும் கடலில் இறக்க மாட்டேன் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

காற்று அடங்கி வள்ளங்கள் கிளம்பவிருந்த முதல் காலையில், அண்ணாச்சியின் வள்ளத்தில் பெட்டி எழுந்திருக்க மறுத்தது. தப்பு என்னுடையதுதான். பெட்டியை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளான கெர்னல் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், சுவிட்சைப் போட்டதும் மெமரியில் தன்னைத்தானே விரித்துக்கொள்ளும். துபாயிலிருந்து வந்தவர் சாமான் பெட்டியைச் சின்ன அறையில் பிரிக்கிற கதைதான், இடம் போதாவிட்டால் எடுத்துப்போட்ட சாமான் எடுக்காத சாமானை மூடிவிடும். முந்தின நாள் புதுத் திரைக்காகக் கெர்னலைப் பெரிதாக்கிய நான், அது விரிவதற்கு மெமரியில் ஒதுக்கும் இடத்தை, அதாவது பஃபரை, பெரிதாக்க மறந்துபோனேன். சரிசெய்ய வீட்டுக்குத்தான் போக வேண்டும், அதற்குள் அன்றைய தொழில் போய்விடும். சங்குக்குக் குதிக்கக் காத்திருந்த குளியாட்கள் என்னைப் பார்த்த பார்வையில் கடலில் குதித்துவிடலாம் போல் இருந்தது, நீச்சல்தான் தெரியாது.

கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று, முன்பக்கம் காலியாகக் கிடந்த பலகையில் பெட்டியை வைத்து சுவிட்சைப் போட்டேன்.

"அது செல்வம் உக்காருத எடம் தம்பி. அங்கன யாரும் உக்கார மாட்டாங்க," என்றார் அண்ணாச்சி.

நான் பதறி எடுக்கப் போவதற்குள் திரையில் வெளிச்சம் வந்தது. நம்பினால் நம்புங்கள், நான் எழுதிய அளவைவிடப் பஃபர் பெரிதாக இருந்தது. போதாததற்கு, பெட்டிக்குள் இருக்கிற மெமரி சிப்பின் அளவைவிட அதிக மெமரி காட்டியது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கண் கலங்கச் சிரித்தார்.

"அவன் எடம் குடுத்திருக்கான். எடுக்காத, இருக்கட்டும்."

அன்று சங்கும் நிறையக் கிடைத்தது, எனக்குச் சாப்பாடும் கிடைத்தது. அப்புறம் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன், பழையபடி செத்துக் கிடந்தது. பஃபரைத் திருத்தினேன், ஒழுங்காக ஓடியது, மெமரியும் சரியான அளவுதான். திரும்ப அந்தப் பலகையில் வைத்தால், மறுபடியும் கூடுதல்.

அதுகூடப் பரவாயில்லை. அந்தக் கூடுதல் மெமரியை என் புரோகிராம் எதுவும் தொடுவதில்லை, ஆனாலும் வள்ளம் கிளம்பியதிலிருந்து அது உபயோகத்தில் இருப்பதாகவே காட்டுகிறது. ஆட்கள் தண்ணீருக்குள் இறங்கியதும், உட்கார்ந்திருந்தவர் எழுந்து கூடவே குதித்ததுபோல், காலியாகிவிடுகிறது. கடைசி ஆள் மேலே ஏறிய பிறகுதான் மறுபடியும் நிறைகிறது.