கருவாட்டுக் கடையில் அழுதவர்கள்

இரண்டு வாரம் முன்பு தங்கச்சிமடத்தில் சேவியரின் கருவாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். நெத்திலி வாங்கத்தான் போனேன். அங்கே ஒரு பெண்மணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கருவாட்டுக் கடையில் யாராவது அழுவார்களா?

காரணம், டேப்பில் ஓடிய பாட்டு. சேவியரின் மகள் ஜெசிந்தா தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடிய முதல் கேசட். பள்ளிக்கூட டீச்சர். பல வருஷம் மிச்சம் பிடித்த சம்பளத்தில் மதுரைக்குப் போய் ரெக்கார்டிங் செய்துவிட்டு வந்தாள்.

அதில் ஒரு பாட்டு. புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்குகிற அன்று, வெள்ளை கவுன் போட்ட சிறுமி மாதா கோயில் வாசலில் நிற்கிறாள். அய்யா வருவார் என்று. (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்.) பூசை முடிகிறது, கூட்டம் கலைகிறது... அய்யா சாராயக் கடை பெஞ்சில் படுத்திருக்கிறார். அவ்வளவுதான் பாட்டு. கூட ஒரு கீபோர்டு. அதற்கே ஊர் உருகுகிறது.

அந்த அய்யா யார் என்பது ஊரில் பழைய ஆட்களுக்குத் தெரியும். சேவியருக்கு மட்டும் தெரியவில்லை என்றுதான் நினைத்தோம். காலையிலிருந்து கடையில் அதே பாட்டைத்தான் போடுகிறார். வருகிறவர்களிடம் எல்லாம், "எம்மக பாடுனது" என்று அவள் போட்டோ போட்ட கேசட் அட்டையைக் காட்டுகிறார். அவர் மனைவியிடம் கேட்டதற்கு, "அவரு எங்க பாட்டைக் கேக்குறாரு? போட்டோவைல்ல பாக்குறாரு" என்றார்.

ஜெசிந்தாவோ, முந்தின நாள் வழியில் பார்த்தபோது, பயந்துபோயிருந்தாள். "எழுதும்போது தைரியமாத்தான் இருந்துச்சு சார். இப்ப அவருக்கு முன்னாடி உக்காந்து சாப்பிட முடியல."

கண்ணைத் துடைத்த பெண்மணி வெளியூர். "இப்படியும் ஒரு அப்பனா? வெளங்குவானா அவன்?" என்றார்.

"வெளங்க மாட்டான்க்கா. சீலா கருவாடும் போடவா?" என்றார் சேவியர், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண்மணி போனதும் ஜெசிந்தா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். சேவியர் டேப்பை நிறுத்தினார். நான் இருப்பதை அவர் பொருட்படுத்தவில்லை.

"பாப்பா, எல்லாம் சரியாத்தான் எழுதிருக்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா... ஒரு நல்லதுகூடவா உனக்கு நான் செய்யல? அதையும் ஒரு வரி போட்டிருக்கலாம்ல?"

ஜெசிந்தா தூக்கை வைத்துவிட்டு நின்றாள்.  டீச்சர் ஆயிற்றே, மார்க்கைக் கூட்டிப் போட மனசு வரவில்லை.

"யோசிச்சுப் பாத்தேன்ய்யா. ஒண்ணும் அம்புடல."

சேவியர் சாக்குப் பையின் வாயை இழுத்துக் கட்டினார்.

"இனிமே எதுவும் செஞ்சா சொல்லுங்க," என்றாள் அவள், குரல் இறங்கி. "அடுத்த கேசட்டுல போட்டுருவோம்."

அவர் தலையாட்டினார். தூக்கைத் திறந்து சாப்பிட உட்கார்ந்தார். "நீயும் இங்கன உக்காரு" என்றார். உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து கடையைச் சாத்தியதும் ஆள் நேராக வீட்டுக்குப் போகிறாராம். எத்தனை நாளைக்கோ, தெரியாது. இப்போதைக்குப் போகிறார்.

குடியின் கேடு பற்றி நானும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எத்தனையோ வாரம் எழுதிக் கிழித்திருக்கிறேன் — சேவியர் கடையில் அந்தத் தாளில்தான் நெத்திலி மடித்துக் கொடுக்கிறார்கள்.