பதினைந்தும் பதிமூன்றும்

பிள்ளைகளே, தொண்ணூறுகளின் கடைசியில் நான் துறைமுகத்தில் வேலை பார்த்தபோது, டோங்கா என்ற தீவு நாட்டுக் கப்பல்காரர் ஒருவர் ராயபுரத்தில் எங்கள் டீக்கடைக்கு நான்கு நாள் வந்தார். கதவை அடைக்கிற உடம்பு, நசுங்கிய காதுகள். டீ குடிக்கும்போதும் மட்டை உரிக்காத தேங்காய் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கியிருப்பார். ரக்பி பந்து அப்படித்தான் இருக்குமாம். தன் நாட்டுக்காக ஆடியதாக அரைகுறை இங்கிலீஷில் சொன்னார்.

முதல் நாள், அணிக்குப் பதினைந்து பேர் என்று விரல்களை விரித்துக் காட்டினார். கடைசி நாள் பதிமூன்று என்றார்.

"இன்னா மாமு, அன்னிக்கு பதினஞ்சு, இன்னிக்கு பதிமூணா? ரெண்டு பேரை கடல்ல வுட்டுட்டியா?" என்றேன். கடையே சிரித்தது.

பேச்சு புரியாவிட்டாலும் சிரிப்பு அவருக்குப் புரிந்தது. "டூ கேம், டூ கேம்" என்றார்.

"ஆமா நைனா, ரெண்டுமே டூப்பு!"

தேங்காயை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனார். மறுநாள் கப்பல் கிளம்பிவிட்டது.

ரக்பியில் இரண்டு வகை உண்டு, ஒன்றுக்குப் பதினைந்து பேர், மற்றதற்குப் பதிமூன்று பேர் என்பதைப் பல வருடம் கழித்து டிவியில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டிலும் நாட்டுக்காக ஆடிய மனிதரை நான் பொய்யனாக்கிவிட்டேன்.

அந்தத் தேங்காயைக் கடைக்காரர் மறுநாள் சட்னி அரைத்தார். நானும் கேட்டு வாங்கித் தின்றேன்.