‘ஒருமனதாக’ என்று எழுதாதவர்

அலமேலு அக்கா போய்விட்டார் என்ற செய்தி, பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு வரும் பேருந்தில் என் கைபேசிக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. இறங்க வேண்டிய இடம் கடந்து போனதுகூட எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழுப் பிரிவின் கண்காணிப்பாளர் அவர். கூட்டங்களில் சுவரோரம் அமர்ந்து, யார் என்ன சொன்னார் என்பதைப் பென்சிலால் எழுதிக்கொள்வார். வாய் திறக்காதவர்களின் பெயருக்கு நேரே ஒரு புள்ளி வைப்பார். “பேசாததும் நடந்ததுதானே” என்பார்.

துணைவேந்தர் இல்லாமல், பொறுப்புக் குழுத் தலைவர் ஒருவர் எல்லாவற்றையும் நடத்திய காலம் அது. மாணவியர் விடுதியில் ஒரு பகுதியை விருந்தினர் இல்லமாக்கும் தீர்மானம் ஒரு பிற்பகல் கூட்டத்தில் வந்தது. ஆசிரியர் பிரதிநிதியான நான் மட்டும் எதிர்த்தேன். மின்விசிறிச் சத்தத்துக்கு நடுவே வேறு யாரோ பேசுவதுபோல் என் குரல் எனக்கே கேட்டது.

இரண்டு நாளில் பயம் வந்துவிட்டது. என் பதவி உயர்வுக் கோப்பு அதே தலைவரின் மேசையில் இருந்தது. அக்காவிடம் போய், என் எதிர்ப்பை எடுத்துவிட்டு, ‘ஒருமனதாக’ என்று போட்டுவிடச் சொன்னேன்.

“அப்ப அன்னைக்குக் கூட்டத்துல குடுத்த கேசரிய மட்டும் நீங்க சாப்பிட்டீகன்னு போட்டுறவா மேடம்?”

“விளையாடாதீக அக்கா. பயமா இருக்கு.”

“எனக்குந்தான். காலையில தலைவரே கூப்பிட்டு இதத்தான் சொன்னாரு.” ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். “நான் அப்படிப் பேசலன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. எடுத்துர்றேன்.”

பேனாவைத் திறந்தேன். வேப்பமரத்து நிழல் தாளின் மேல் வந்து வந்து போனது. பேனாவை மூடிவிட்டேன்.

“டீ சொல்லவா?” என்று மட்டும் கேட்டார்.

கூட்டக் குறிப்பு அப்படியே சென்னைக்கு, உயர்கல்வித் துறைக்குப் போனது. அங்கே அந்த ஓர் எதிர்ப்பைப் படித்த யாரோ விளக்கம் கேட்க, தீர்மானம் கைவிடப்பட்டது. என் பதவி உயர்வு தள்ளிப்போனது. அக்காவை விடைத்தாள் கிடங்குக்கு மாற்றினார்கள். பார்க்கப் போனபோது சிரித்தார். “இங்குட்டு நிம்மதி மேடம். இந்தக் கட்டுக எதுவும் பேசாது. எல்லாத்துக்கும் ஒரே புள்ளிதான்.”

விடுதியைக் காப்பாற்றியவள் என்று, இந்த அஞ்சலியைப் படிக்கும் நீங்கள் இன்றும் என்னைத்தான் சொல்கிறீர்கள். நான் அழிக்கச் சொல்லிப் போனதை அக்கா ஒருவரிடமும் சொல்லவில்லை. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த மௌனம். இத்தனை நாள் அதற்குள் சுகமாக இருந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களிடம் இன்று சொல்கிறேன்: அன்று விடுதியைக் காப்பாற்றியது நான் அல்ல, பயந்துகொண்டே எழுதிய அவர்தான்.